பழைய ஆக்சென்டுக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: அப்பா வாங்கிய 2008 மாடல் ஹூண்டாய் ஆக்சென்ட் இன்னும் நன்றாக ஓடுகிறது. வேலைக்காக வாரத்தில் மூன்று நாள் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போய் வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு ப்ளூடூத் வைத்த புது செட் போட்டோம், ஸ்பீக்கரை மட்டும் மாற்றவில்லை. இப்போது வலது முன்கதவு கரகரவென்கிறது. மழை பெய்தால் இன்னும் மோசம். பின்னால் பார்சல் டிரேயில் இருக்கும் ஓவல் ஸ்பீக்கர் இரண்டிலும் கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் உதிர்ந்துவிட்டது. ஒரு கடையில், '500 வாட்ஸ் ஓவல் போட்டு, டிக்கியில் ஒரு பேஸ் டியூப் வைத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். இன்னொரு கடையில், நான்கு கதவுக்கும் கோஆக்சியல் போடச் சொல்கிறார்கள். அப்பா பழைய பாட்டும் நாதஸ்வரமும் கேட்பார், நான் அதிகம் கேட்பது பேச்சுதான். 12,000 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்?

– ஒரு வாசகர், சேலம்

பதில்: இரண்டு கடையிலும் ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கண்ணில் பட்டது 'மழை' என்ற சொல். மழை நாளில் கரகரப்பு கூடுகிறது என்றால், கதவுக்குள் வரக்கூடாத இடத்துக்குத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் 2,000 ரூபாய் ஸ்பீக்கர் போட்டாலும் 10,000 ரூபாய் ஸ்பீக்கர் போட்டாலும் இரண்டு மழைக்காலத்தில் அதே கரகரப்பு வந்து நிற்கும். அதனால் கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கதவுக்கு ஒதுக்குங்கள்.

முதலில் கோளாறு ஸ்பீக்கரில்தானா என்று பார்த்துவிடலாம். செட்டில் பேலன்ஸையும் (இடது-வலது) ஃபேடரையும் (முன்-பின்) திருப்பி, வலது முன் ஸ்பீக்கர் மட்டும் பாடும்படி வையுங்கள். மெல்லிய சத்தத்திலேயே கரகரத்தால் கோனுக்குப் பின்னால் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) உரசுகிறது, அல்லது எங்கோ வயர் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. சத்தம் கூட்டினால் மட்டும் கரகரத்தால் கோன் கிழிந்திருக்கும், அல்லது டோர் பேட் (கதவின் உள்பக்க உறை) அதிரும். பாடிக்கொண்டிருக்கும்போதே கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். அப்போது சத்தம் போய்ப் போய் வந்தால், கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய்க்குள் வயர் ஒடிந்திருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு மேல் திறந்து மூடிய கதவில் இது சர்வ சாதாரணம். அப்படியானால் ஒரு மீட்டர் வயரோடு வேலை முடிந்தது.

செட்டின் மேலும் சந்தேகம் இருந்தால் அதை வெளியே இழுத்து, வலது முன் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரையும் இடது முன் ஸ்பீக்கரின் இரண்டு வயரோடு இடம் மாற்றுங்கள். வெளிக்கடையில் வாங்கும் செட்களில் வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். கறுப்புக் கோடு போட்டது அந்தந்த நிறத்தின் மைனஸ். மாற்றிய பிறகு கரகரப்பு இடது கதவுக்குப் போய்விட்டால் செட்டுக்குள் ஸ்பீக்கரை ஓட்டும் சிப்பான ஐசி கெட்டுக்கொண்டிருக்கிறது. வலது கதவிலேயே இருந்தால் ஸ்பீக்கரோ வயரோதான். மல்டிமீட்டர் இருந்தால் ஸ்பீக்கர் முனையில் ஓம் அளந்து பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது.

அடுத்து டோர் பேட். உள் கைப்பிடிக் கிண்ணத்துக்குள் ஒரு ஸ்க்ரூ, கைவைக்கும் இடத்தில் ஒன்றிரண்டு, ஓரத்தில் சில. ஸ்க்ரூ எல்லாம் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். கண்ணாடி ஏற்றும் சுழல் கைப்பிடி இருந்தால், அதன் பின்னால் இருக்கும் கம்பி கிளிப்பை ஒரு துணியை உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் தெறித்து விழும். விழுந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பேடைக் கீழ் மூலையிலிருந்து கிளிப் கிளிப்பாக விடுவித்து, கடைசியில் மேல்நோக்கித் தூக்கி எடுக்க வேண்டும். நேராக வெளியே இழுத்தால் மேல் விளிம்பு உடையும். இத்தனை வருட வெயிலில் பிளாஸ்டிக் கிளிப் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், நான்கைந்து நிச்சயம் உடையும். உதிரிபாகக் கடையில் முன்கூட்டியே பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த கிளிப்போடு பேடைத் திரும்ப மாட்டினால், புது ஸ்பீக்கரின் பேஸுக்கு அந்தப் பேடே தாளம் போடும். 'புது ஸ்பீக்கரும் அதிருதுங்க' என்று திரும்பி வரும் வண்டிகளில் பாதிக்குக் காரணம் இந்தக் கிளிப்தான்.

பேடுக்குப் பின்னால் கதவை மூடி ஒரு பாலிதீன் ஷீட், கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும், அல்லது ஒட்டியிருந்திருக்கும். பலரும் அதைப் பேக்கிங் கவர் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த ஷீட்தான் காருக்குள் தண்ணீர் வராமல் காப்பது. மழை பெய்யும்போது கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு, அது கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும். ஷீட் கிழிந்தால் அதே தண்ணீர் ஸ்பீக்கர் மேலும் கால்மிதி அடியிலும் வழியும். ஸ்பீக்கரைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். காந்தத்தின் இரும்புத் தட்டில் மேலிருந்து கீழாகத் துருக்கோடு இறங்கியிருந்தால் வழி தெரிந்துவிட்டது. கோனின் நடுப்பகுதிக்கு இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். மணல் உரசுகிற மாதிரி ஒரு 'சர்' கேட்டால் துரு காயில் இடுக்குக்குள் போய்விட்டது, அந்த ஸ்பீக்கருக்கு விடை கொடுத்துவிடலாம்.

பேட் இல்லாத நிலையில், கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, வெளிப்பக்கமிருந்து ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாகக் கண்ணாடி மேல் ஊற்றச் சொல்லி, உள்ளே இருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எந்த வழியாக இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். கதவின் அடி ஓட்டைகளில் இலைத் துணுக்கும் மண்ணும் அடைத்திருந்தால் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையின் முனையால் குத்திவிடுங்கள். ஏற்காட்டில் மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இது அதிகம். ஷீட் கிழிந்திருந்தால் தடித்த பாலிதீன் வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) சுற்றிலும் ஒட்டுங்கள். கீழ் விளிம்பு கதவுத் தகட்டின் உள்பக்கமாகப் போக வேண்டும், அப்போதுதான் ஷீட் மேல் வழியும் நீர் கதவுக்குள்ளேயே விழும். சிலிக்கான் பூசி ஒட்டாதீர்கள், அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களைத் திட்டுவார்.

இனி அளவு. 'ஆக்சென்டுக்கு இந்த சைஸ்' என்று கடையில் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். உங்கள் வண்டியில் இதற்கு முன்பு யாராவது ஓட்டையைப் பெரிதாக்கியிருக்கலாம், ஸ்பீக்கருக்கு அடியில் வளையம் வைத்திருக்கலாம். மூன்று அளவு எடுங்கள்: தகட்டில் இருக்கும் வட்ட ஓட்டையின் விட்டம், கண்ணாடியை முழுக்க இறக்கிய நிலையில் தகட்டிலிருந்து கண்ணாடி வரை இருக்கும் ஆழம், தகட்டிலிருந்து டோர் பேடின் உள்பக்கம் வரை இருக்கும் முன்னிடைவெளி. ஆறரை அங்குல ஸ்பீக்கர் என்பது ஃபிரேமின் பெயர்தான். அதற்குத் தேவைப்படும் ஓட்டை பெரும்பாலும் 127 மில்லிமீட்டரை ஒட்டி வரும், ஐந்தேகால் அங்குலத்துக்கு 115 சுற்றி. பெட்டியின் பக்கவாட்டிலோ உள்ளே இருக்கும் தாளிலோ வெட்டு அளவும் மாட்டும் ஆழமும் போட்டிருக்கும். அதைப் பாருங்கள்.

ஆழத்தில்தான் ஏமாறுவோம். உதாரணமாக, தகட்டிலிருந்து கண்ணாடிக்கு 62 மில்லிமீட்டர், ஸ்பீக்கரின் ஆழம் 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் 4 மில்லிமீட்டர் மிச்சம். ஓடும் வண்டியில் கண்ணாடி ஆடும், காந்தத்தில் இடிக்கும். குறைந்தது 7, 8 மில்லிமீட்டர் விட வேண்டும். இங்கே 12 மில்லிமீட்டர் வளையம் ஒன்று வைத்தால் இடைவெளி 16 ஆகிவிடும். ஆனால் ஸ்பீக்கர் அதே 12 மில்லிமீட்டர் முன்னால் வருமே? ஃபிரேமும் நடுவில் இருக்கும் ட்வீட்டரும் (கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) சேர்ந்து 10 மில்லிமீட்டர் துருத்தினால் மொத்தம் 22. பேடு வரை முன்னிடைவெளி 25 இருந்தால் தப்பித்தோம், 20 என்றால் வேறு ஸ்பீக்கர் தேட வேண்டும். பழைய அட்டையை வெட்டி ஓட்டையில் வைத்துப் பார்த்தால் இது இரண்டு நிமிட வேலை. அளவெடுக்காமல் வாங்கி, கடைசியில் பேடின் உள் விளிம்பைச் சூடுகாட்டி வளைத்து, ஓட்டையைக் கத்தரிக்கோலால் அகலமாக்கி மாட்டிய வண்டிகள் சேலத்தில் நிறைய ஓடுகின்றன.

வளையம் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் வேண்டாம். ஏற்காட்டுப் பனியிலும் கதவு ஈரத்திலும் ரொட்டி மாதிரி உப்பி, ஸ்க்ரூ பிடியை விட்டுவிடும். பிளாஸ்டிக் வளையம் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மரைன் பிளைவுட்டில் வெட்டி, விளிம்பு உட்பட இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள்.

இப்போது வாட் கதை. உங்கள் செட்டில் '50 வாட் × 4' என்று எழுதியிருக்கும். இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது 14.4 வோல்ட்டை ஒட்டி. அந்த வோல்ட்டேஜில், ஒரு சொட்டும் வீணாகவில்லை என்று வைத்தாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமான ஒலியாகக் கொடுக்க முடிந்த உச்சம் 26 வாட். நடைமுறையில் 15 முதல் 20. பிறகு 50 எங்கிருந்து வந்தது? 14.4ஐ 14.4ஆல் பெருக்கி நான்கால் வகுத்துப் பாருங்கள், 51.8. அதாவது ஒலி அலை முழுக்க நசுங்கிச் சதுரமாகி, கேட்கவே முடியாத நிலையில் வருகிற கணக்கு அது. '500 வாட்ஸ் ஓவல்' என்பதும் அதே குடும்பம். அது ஒரு கணம் தாங்கும் உச்சம், ஒலி கூடும் என்பதற்கான உத்தரவாதம் இல்லை. பெட்டியில் ஆர்எம்எஸ் என்ற எண்ணை, அதாவது தொடர்ந்து தாங்கும் வாட்டை, தேடுங்கள். உங்கள் செட்டுக்கு 40 முதல் 60 வாட் ஆர்எம்எஸ் தாங்கும் ஸ்பீக்கர் போதும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய எண் சென்சிட்டிவிட்டி. அதாவது ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டிபி (டெசிபல்) சத்தம் வருகிறது என்பது. 3 டிபி கூடினால் பாதி வாட்டிலேயே அதே சத்தம் கிடைக்கும். உங்கள் செட் 18 வாட் தருகிறது என்று கொண்டால், 91 டிபி ஸ்பீக்கர் அதில் தரும் சத்தத்தை 88 டிபி ஸ்பீக்கரில் பெற 36 வாட் வேண்டும். அந்த 36 உங்கள் செட்டில் கிடையாது. ஆகவே ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் ஓட்டப் போகிறவர் 90 டிபிக்கு மேல் பார்ப்பது நல்லது. ஒரு சூட்சுமம்: சில நிறுவனங்கள் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளந்த எண்ணைப் போடும். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட், எனவே அந்த எண்ணிலிருந்து 3 டிபி கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஜேபிஎல், இன்ஃபினிட்டி வரிசைகள் சிலவற்றில் 3 ஓம் என்று போட்டிருக்கும், சில 2 ஓம்கூட. ஓம் குறைந்தால் செட்டிலிருந்து அதிக மின்சாரம் இழுக்கும், சத்தம் சற்றுக் கூடும், ஐசியும் கூடுதலாகச் சூடாகும். செட்டின் கையேட்டில் '4 முதல் 8 ஓம்' என்று இருந்தால் 4 ஓமிலேயே நில்லுங்கள். மே மாதச் சேலத்து வெயிலில் டேஷ்போர்டுக்குள் இருக்கும் செட்டுக்கு ஏற்கெனவே போதுமான சூடு உண்டு. இதே காரணத்துக்காக, ஒரே லைனில் இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்து மாட்டவும் விடாதீர்கள். 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம்.

கோஆக்சியலா, காம்போனென்டா? கோஆக்சியலில் ட்வீட்டர் கோனின் நடுவிலேயே இருக்கும். ஆக்சென்ட் மாதிரிக் காரில் கதவு ஸ்பீக்கர் முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். ட்வீட்டரின் ஒலி நேர்கோட்டில் போகும் குணமுள்ளது, உங்கள் காலிலும் சீட்டின் பக்கவாட்டிலும் மோதி நின்றுவிடும். நாதஸ்வரத்தின் சீவாளிச் சத்தமும், பேச்சில் 'ச', 'ஸ' ஒலிகளும் மங்குவது இதனால்தான். காம்போனென்டில் ட்வீட்டர் தனி, கண்ணாடி ஓர முக்கோணத்தில் மாட்டலாம். குரல் டேஷ்போர்டு உயரத்துக்கு ஏறி வரும். உங்கள் கேட்புக்கு முன்னால் காம்போனென்ட் என்பதே என் தீர்ப்பு. பட்டு டோம் என்று சொல்லப்படும் மென்மையான ட்வீட்டர் உள்ளதாகப் பாருங்கள். உலோக டோம் கடையில் பளபளவென்று கேட்கும், பழைய மோனோ பதிவுகளையும் நாதஸ்வரத்தையும் மலை ஏறும் ஒரு மணி நேரம் அதில் கேட்டால் காது கூசும். ஒலியைப் பிரித்து ட்வீட்டருக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவரில் ட்வீட்டரை 3 டிபி குறைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. கோனில் பாலிப்ரொப்பிலீன், விளிம்பில் ரப்பர் – இந்த இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காகிதக் கோனின் குரல் இனிமைதான், ஆனால் உங்கள் கதவுக்கு ஆகாது.

உங்கள் பின் ஸ்பீக்கரின் ஃபோம் உதிர்ந்ததற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. பாலியுரிதேன் ஃபோம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையும். வெயிலில் நிறுத்திய காரில் பின்கண்ணாடிக்கு அடியில் 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சேலத்து வெயிலும் ஏற்காட்டு ஈரமும் ஒரே நாளில் மாறி மாறிப் பட்டால் ஃபோம் ரஸ்க் மாதிரி உதிராமல் என்ன செய்யும்? கோனும் காயிலும் நன்றாக இருந்து, ஓவல் ஸ்பீக்கர் ஓரளவு நல்ல கம்பெனியுடையது என்றால், விளிம்பை மட்டும் மாற்றலாம். மைக் செட் ரிப்பேர் பார்க்கும் கடைகளில் ரீகோனிங் செய்பவர்கள் இருப்பார்கள். ஓவலுக்குச் சரியான அளவில் விளிம்பு கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். ஒட்டியதும் கோன் நடுவில் நிற்கிறதா என்று அதே விரல் சோதனை செய்து வாங்குங்கள்.

கிடைக்காவிட்டால் பின்னால் ஒரு சாதாரண 6×9 அங்குல ஓவல் கோஆக்சியல் போதும். காசை அங்கே கொட்ட வேண்டாம், நீங்களும் அப்பாவும் முன்சீட்டில்தான் உட்காருகிறீர்கள். ஓவலில் ஒரு நன்மை உண்டு. டிக்கி முழுவதும் அதற்குப் பெட்டியாக வேலை செய்வதால் பேஸ் தாராளமாக வரும். அதற்கு ஸ்பீக்கர், மேலே இருக்கும் அட்டையில் அல்லாமல் அடியில் இருக்கும் இரும்புத் தகட்டில் இறுக வேண்டும். வெறும் அட்டையில் மாட்டினால் இரண்டு கோடையில் அட்டை தொய்ந்து, கிரில்லோடு சேர்ந்து கிணுகிணுக்கும். டிரே மேல் சும்மா உட்காரவைக்கும் பெட்டி ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவு இருபதையும் இறங்கும்போது ஒரு அவசர பிரேக் போதும், அது பின்மண்டையைத் தேடி வரும்.

டிக்கியில் வைக்கச் சொன்ன பேஸ் டியூபை (தாழ்ந்த ஒலிக்கான குழாய் வடிவ ஸ்பீக்கர்) இப்போது ஒதுக்கிவிடுங்கள். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் மலை ஏறும் வண்டியில் இன்ஜின் முனகல் தாழ்ந்த ஒலிகளை எப்படியும் விழுங்கும். அதை ஜெயிக்கப் பேஸைக் கூட்டினால் பேச்சுதான் மூழ்கும்.

உங்கள் 12,000ஐ இப்படிப் பிரிப்பேன்: பாதிக்குச் சற்று மேல் முன் காம்போனென்டுக்கு, கால் பங்கு முன்கதவு இரண்டின் டேம்பிங்குக்கும் (தகட்டின் அதிர்வை அடக்குவது) ஷீட்டுக்கும், மிச்சம் பின் ஓவலுக்கும் வயர், வளையம், கிளிப், கூலிக்கும். டேம்பிங்குக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. கதவின் உள் தகட்டில் கைநுழையும் அளவு ஓட்டைகள் இருந்தால், பின்பக்க அலை அதன் வழியே வந்து முன்பக்க அலையைத் தின்றுவிடும். பேஸ் காணாமல் போவது இப்படித்தான். 3,000 ரூபாய் ஸ்பீக்கர் அடைத்த கதவில் பாடுவதை, 8,000 ரூபாய் ஸ்பீக்கர் திறந்த கதவில் பாடாது.

பியூட்டைல் ஷீட், மேலே அலுமினியத் தாள் ஒட்டியது, 2 மில்லிமீட்டர் கனம். வெளித்தகட்டில், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் தொடங்கி மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு ஒட்டினால் போதும், முழுக்க மூட வேண்டியதில்லை. தகட்டை நன்றாகத் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கிவிட்டு, உருளையால் அழுத்தி ஒட்ட வேண்டும், அலுமினியத்தின் மேல் இருக்கும் புள்ளி வடிவம் மட்டமாகும் வரை. கதவின் அடி ஓட்டையை மறைக்கக் கூடாது, கண்ணாடி ஏறி இறங்கும் பாதையிலும் லாக் ராடிலும் ஒட்டக் கூடாது. ராடு தகட்டில் தட்டினால் அதற்கு மட்டும் ஃபெல்ட் டேப் சுற்றுங்கள். விலை குறைவு என்று தார் ஷீட் ஒட்ட விடாதீர்கள். வெயிலில் நாறும், இளகி நழுவிக் கண்ணாடி மோட்டார் மேல் விழும். ஸ்பீக்கரின் தலைக்கு மேல் ஒரு ஃபோம் கூரை வைத்தால் வழியும் தண்ணீர் காந்தத்தில் படாது. கிண்ணம் மாதிரி முழுக்க மூடும் ஃபோம் கப் விற்பார்கள், அதை அப்படியே போட்டால் ஸ்பீக்கருக்கு மூச்சுத் திணறும். கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு மேல்பாதியை மட்டும் வையுங்கள்.

வாங்கும்போது: டெமோ போர்டில் சத்தம் அதிகம் வருவதுதான் நன்றாக இருப்பதாகக் காதுக்குப் படும். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடுவதென்றால் சத்தத்தைச் சமமாக்கி, உங்கள் போனிலிருந்து ஒரு நாதஸ்வரப் பதிவும் ஆண் குரல் பேச்சும் போட்டுக் கேளுங்கள். தவிலின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கிறதா என்பது நல்ல சோதனை. பெயர் பெற்ற கம்பெனிகளின் போலிகளும் சந்தையில் உண்டு. ஜிஎஸ்டி பில், பெட்டியிலும் ஸ்பீக்கரிலும் ஒரே சீரியல் எண், முத்திரை போட்ட வாரன்டி அட்டை மூன்றும் இல்லாவிட்டால் எவ்வளவு தள்ளுபடி என்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், தப்பில்லை. தகட்டில் துளை போடுவதென்றால் ஸ்பீக்கர் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. இரும்புத் தூளைக் காந்தம் பிடித்து இழுத்துக்கொள்ளும், காயில் இடுக்குக்குள் ஒரு துணுக்கு போனாலும் புது ஸ்பீக்கரில் பழைய கரகரப்பு. ஸ்க்ரூ நீளமாக இருந்தால் கண்ணாடியைக் கீறும். கம்பெனி வயரை வெட்டாமல் அடாப்டர் கனெக்டர் கேளுங்கள். புது வயர் இழுத்தால் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு. நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். இணைப்பை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இந்த ஊர் வெயிலுக்குச் சரிப்படாது, பசை உருகி டேப் அவிழும். கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் நெரித்து இணைத்து) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடச் சொல்லுங்கள். முக்கியமாக, ஸ்பீக்கரின் மைனஸ் வயரை வண்டி பாடியில் தட்டவே கூடாது. பழைய கால செட்டுகளில் அது நடந்தது, இன்றைய செட்டில் ஐசி எரிந்துவிடும். ட்வீட்டரை இரட்டைப் பக்க டேப்பால் மட்டும் ஒட்டினால் ஏப்ரலில் மடியில் விழும், அதனோடு வரும் கிண்ணத்தை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள்.

பேட் மூடுவதற்கு முன் பிளஸ் மைனஸ் சரிபாருங்கள். செட்டிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸ் வயரிலும் மைனஸை மைனஸ் வயரிலும் ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் எங்கோ மாறியிருக்கிறது. ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போய், பாடகர் குரல் நடுவில் நிற்காமல் இரண்டு ஜன்னலுக்கும் பரவும். ஸ்பீக்கர் மட்டமானது என்று திட்டுவோம், தப்பு வயரில் இருக்கும்.

கடைசியாகச் செட்டில்: ஹை பாஸ் ஃபில்டரை முன்கதவுக்கு 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். தாங்க முடியாத தாழ்ந்த பேஸை முன் ஸ்பீக்கரிடமிருந்து எடுத்துவிட்டால் மிச்சத்தை அது தெளிவாகப் பாடும், தாழ்ந்ததைப் பின் ஓவல் பார்த்துக்கொள்ளும். ஃபேடர் மூன்று புள்ளி முன்னால். லவுட்னஸ் ஆஃப். பேஸும் ட்ரெபிளும் +2ஐத் தாண்ட வேண்டாம். வால்யூம் முக்கால் பங்கைத் தாண்டினால் செட் ஒலியை நசுக்கத் தொடங்கும், முதலில் சாவது ட்வீட்டர். இந்தச் சரிபார்ப்பை எல்லாம் சேலத்திலேயே, வண்டி நிற்கும்போது செய்துவிடுங்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். ஏறும்போது காது அடைத்து ட்ரெபிள் குறைந்த மாதிரி தோன்றும். அதை நம்பி அங்கே ட்ரெபிளைக் கூட்டினால், அடிவாரம் வந்து காது திறந்ததும் சீறும்.

எல்லாம் முடிந்து, முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலை ஓட்டுநர் பக்கக் கால்மிதியைத் தூக்கி, அடியில் இருக்கும் கார்ப்பெட்டில் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் வலது கதவின் ஷீட் எங்கோ ஒட்டவில்லை. அன்றைக்கே பேடை மறுபடி கழற்றிவிடுங்கள், மிச்சமிருக்கும் கிளிப் கைவசம் இருக்கும்.